சோ யோங்-பில் ஐம்பது ஆண்டுகளாக உச்சத்தில் இருந்தாரா?

2017-இல் வந்த ‘எ டாக்சி டிரைவர்’ என்ற கொரியப் படத்தின் தொடக்கத்தில் சோங் காங்-ஹோ காரை ஓட்டிக்கொண்டே உற்சாகமாகச் சேர்ந்து பாடும் பாட்டு யாருடையது என்று தேடப் போய், சோ யோங்-பில் என்ற பெயரில் வந்து நின்றிருக்கிறீர்கள். ‘பாடகர்களின் அரசர்’, ‘அரை நூற்றாண்டுக்கும் மேலாக உச்சத்தில் இருப்பவர்’ என்று போகிற இடமெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்து நம்பிக்கை வரவில்லை. ஏழு வருட ஒப்பந்தம் முடிந்ததும் பாட்டுக் குழுக்கள் கலைந்துபோகும் நாட்டில் இது எப்படிச் சாத்தியம், ரசிகர்கள் ஊதிப் பெருக்கியதா என்று கேட்கிறீர்கள். எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் குரல் காரணமா, ஜனங்களின் பழைய நினைவு காரணமா, வேறு ஏதாவதா என்பதுதான் கேள்வியின் அடியில் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இசை விமர்சகன் அல்ல. கொரிய மொழிபெயர்ப்பாளனாகப் பிழைப்பு நடத்துபவன். பகலில் கொரியப் பொறியாளர்களின் இயந்திரக் குறிப்புகளையும், மாலையில் அவர்கள் பாடும் பாட்டுகளையும் புரிந்துகொள்ள முயன்றே பல வருடங்கள் போயிருக்கின்றன. ஆகவே இசையைப் பற்றி நான் சொல்வதை ஒரு கேட்பாளனின் கருத்தாக மட்டும் கொள்ளுங்கள். ஆண்டுகளும் ஆல்பங்களும் அப்படியல்ல. அவற்றைப் பொதுப் பதிவில் யாரும் சரிபார்க்கலாம்.

சுருக்கமான பதில்: 1968 முதல் மேடையில் இருக்கிறார் என்பது உண்மை. உச்சத்தில் இருந்தார் என்பது பாதிதான் உண்மை. அவருடைய பெரிய வெற்றிப் பாட்டுகளை வருட வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 1976-இல் ஒன்று, 1980 முதல் 1991 வரை ஒரு வெள்ளம், அதற்குப் பிறகு 1997-இல் வெளிவந்து மெல்ல மெல்லப் பரவிய ஒன்று, கடைசியில் 2013-இல் ஒரு வெடிப்பு. நடுவே நீளமான இடைவெளிகள். என்னைக் கேட்டால் அந்த இடைவெளிகளில் அவர் என்ன செய்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

1950 மார்ச்சில், கொரியப் போர் வெடிப்பதற்கு மூன்று மாதம் முன்பு, கியாங்கி மாகாணத்தின் ஹ்வாசங்கில் பிறந்தவர். 1968-இல் ‘ஆட்கின்ஸ்’ என்ற கன்ட்ரி இசைக் குழுவில் கிதார் வாசிப்பவராகத் தொழிலுக்கு வந்தார். கிதார் வாசிப்பவராக என்பதைக் கவனியுங்கள்; பாடகரானது பிறகுதான். போருக்குப் பின் கொரியாவில் தங்கிவிட்ட அமெரிக்க எட்டாவது ராணுவத்தின் முகாம்களைச் சுற்றி ஏராளமான கிளப்புகள் இருந்தன. அங்கே வாசிக்கத் தேர்வு உண்டு, தரவரிசை உண்டு, அதற்கேற்ற சம்பளம் உண்டு. ஒரு கிளப்பில் கன்ட்ரி கேட்பார்கள், அடுத்த கிளப்பில் சோல் கேட்பார்கள், மூன்றாவதில் ராக். எனக்கு இதுதான் வரும் என்று சொன்னால் வேலை கிடையாது. அந்தத் தலைமுறைக் கொரிய இசைக்காரர்களில் பலரும் இந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்கள்தான். பிற்காலத்தில் அவர் எந்த வகைக்குள்ளும் அடங்காமல் போனதற்கு விதை இங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

முதல் பெரிய வெற்றி ‘பூசான் துறைமுகத்துக்குத் திரும்பி வா’. ஹ்வாங் சன்-உ இசையமைத்தது. இதைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் கொஞ்சம் சிக்கெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மெட்டு முதலில் வேறொரு பாடகரின் குரலில், வேறொரு துறைமுகத்தின் பெயரில், வேறு வரிகளோடு 1970-இல் வந்தது. அந்தப் பாடகர் 1971 கிறிஸ்துமஸ் நாளில் சியோலின் தேயோன்காக் ஹோட்டல் தீ விபத்தில் இறந்துபோனார். சோ யோங்-பில் 1972-இல் பாடிப் பதிவு செய்தபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1976-இல் தாளத்தை முடுக்கி, கிதாரை முன்னுக்குக் கொண்டுவந்து மறுபடி பதிவு செய்தபோது நாடே பாடியது. இடையில் என்ன நடந்தது? வடகொரிய ஆதரவு அமைப்பைச் சேர்ந்த ஜப்பான்வாழ் கொரியர்கள், பல வருடங்களுக்குப் பிறகு சொந்த ஊருக்கு வந்து மூதாதையர் கல்லறைகளை வணங்க 1975-இல் அனுமதி கிடைத்தது. அவர்களில் பலர் கப்பலில் வந்து இறங்கிய இடம் பூசான். பாட்டிலும் பிரிந்துபோன காதலரை ஏங்கிய வரி, பிரிந்துபோன சகோதரனை ஏங்கும் வரியாக மாறியிருந்தது. காலமும் வரியும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. இன்றும் பூசானின் சாஜிக் பேஸ்பால் அரங்கில் லோட்டே அணியின் ரசிகர்கள் இதைக் கூட்டமாகப் பாடுகிறார்கள். ஹேவுண்டே கடற்கரையில் இந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுக் கல்லே இருக்கிறது. வரிகளின் உரிமை பற்றிப் பிற்காலத்தில் நீதிமன்றம் வரை வழக்கு போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பாடகர்மீது வந்த குற்றச்சாட்டு அல்ல.

புகழ் வந்த மறுவருடமே எல்லாம் போனது. 1975-இல் அதிபர் பார்க் சங்-ஹீயின் அரசு நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தடைசெய்து, கஞ்சா வழக்குகளில் இசைக்காரர்களை வரிசையாக உள்ளே தள்ளியது. சில வருடங்களுக்கு முன் கஞ்சா புகைத்த விவகாரம் கிளறப்பட்டு 1977-இல் இவரும் சிக்கினார். மேடை கிடையாது, வானொலி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. 1979 அக்டோபர் 26 அன்று பார்க் சுட்டுக்கொல்லப்பட்டார்; டிசம்பரில் தடை நீங்கியது.

அந்த இரண்டு சொச்சம் வருடங்களில் குரலை உடைத்து மறுபடி கட்டினார் என்பது அவருடைய ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. பான்சோரி என்ற கொரியக் கதைப்பாடல் மரபில், இனிமையான குரலைக் கரகரப்பாகும் வரை சாதகம் செய்வார்கள். ‘ஹன் ஓபெங்நியோன்’ என்ற நாட்டார் பாட்டைக் கேட்டு உலுக்கப்பட்டு அந்த வழியில் பயிற்சி செய்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை நம்பலாம். தொண்டையிலிருந்து ரத்தம் கொட்டும் வரை பாடினார் என்பது போன்றவற்றை நான் ஓரமாக வைத்துவிடுவேன். பான்சோரிக்காரர்கள் எல்லோரைப் பற்றியும் இதே கதை உண்டு. காதால் சரிபார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. 1976 பதிவையும் 1980 பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் ஒரு குரல்தான். பின்னதில் இயல்பான குரல், பொய்க்குரல், கரகரத்த குரல் மூன்றும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வருகின்றன. மாறும் இடத்தில் தையல் தெரியாது.

1980-இல் முதல் முழு ஆல்பம் வந்தது. அதன் தலைப்புப் பாட்டு ‘ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பெண்’ என்ற சோகப் பாட்டு. தொங்-ஆ வானொலியின் தொடர் நாடகத்துக்காக அவர் இசையமைத்தது. அந்த வானொலியே அதே வருடம் நவம்பரில் ராணுவ ஆட்சியின் ஊடக ஒன்றிணைப்பில் அரசு ஒலிபரப்பு நிறுவனமான கே.பி.எஸ்.ஸோடு சேர்க்கப்பட்டு இல்லாமல் போனது. நாடகத்தின் பாட்டு மட்டும் தங்கிவிட்டது. நீங்கள் படத்தில் கேட்ட ‘தன்பால்மொரி’, அதாவது குட்டைக் கூந்தல்காரி பற்றிய பாட்டும் இதே ஆல்பத்தில்தான் இருக்கிறது. படம் நடப்பது 1980 மே மாதத்தில். அந்த டாக்சிக்காரருக்கு அது அப்போதுதான் வந்த புத்தம் புதுப் பாட்டு. மின்னணு மேளத்தின் ‘பியோங், பியோங்’ ஓசையும் முழுக்கப் பொய்க்குரலில் மிதக்கும் மெட்டுமாக, அந்தக் காலக் கொரிய வானொலியில் அது எவ்வளவு விநோதமாக ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே தட்டில் நாட்டார் பாட்டான ‘ஹன் ஓபெங்நியோன்’ இருக்கிறது. பூசான் பாட்டும் இருக்கிறது. பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஒன்று என்று ஒரே ஆல்பம் ஒரு வீடு முழுவதையும் வளைத்துப்போட்டது.

பள்ளிக்கூடப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் அண்ணனை அழைக்கும் ‘ஓப்பா’ என்ற சொல் தொலைக்காட்சித் தொடர்களின் தயவில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பின்தொடர்ந்து கூச்சலிடும் பெண்கள் கூட்டத்துக்கு ‘ஓப்பா படை’ என்ற பெயர் நிலைத்தது இவருடைய காலத்தில்தான். இதற்கு வாழும் சாட்சி ஒன்று உண்டு. 1982-இல் வந்த ‘பிரியோன்’ என்ற பாட்டின் முதல் சொல்லை அவர் மெதுவாக, பக்கவாத்தியமே இல்லாததுபோல எடுப்பார். அந்த ஒற்றைச் சொல் முடிந்ததும் அரங்கம் முழுவதும் ஒரு வீறிடல் எழும். அதற்குப் பிறகுதான் அடுத்த சொல். அன்று வீறிட்ட பெண்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள், தாண்டியும் விட்டார்கள். இப்போதும் அதே இடத்தில், அதே அளவில் வீறிடுகிறார்கள். மெட்டின் ஒரு பகுதியாகவே அது ஆகிவிட்டது. வேறொருவர் மேடையில் இந்தப் பாட்டைப் பாடினாலும் கூட்டம் அந்த இடத்தில் வீறிட்டுவிட்டுத்தான் சிரிக்கும்.

எண்பதுகளில் வருடாவருடம் தொலைக்காட்சி நிலையங்களின் ஆண்டிறுதி விருதுகள் இவரையே சுற்றிச் சுற்றி வந்தன. 1986-இல், இனி இந்த விருதுகளை வாங்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். பெருந்தன்மை என்று ரசிகர்கள் சொல்வார்கள். கணக்குத் தெரிந்தவர் என்றுதான் நான் சொல்வேன். போட்டியில் இருந்தால் ஒருநாள் தோற்றாக வேண்டும். வெளியேறிவிட்டவரை யாரும் தோற்கடிக்க முடியாது.

இந்தக் காலத்துப் பாட்டுகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல ஆசை. 1985-இல் வந்த ‘கிளிமஞ்சாரோவின் சிறுத்தை’. யாங் இன்-ஜா எழுத, கிம் ஹீ-காப் இசையமைத்தது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தப் பாட்டின் பெரும்பகுதி பாட்டே இல்லை, பேச்சு. பெருநகரத்தின் நடுவே தனியாக நிற்கும் ஒருவன், மலையடிவாரத்தில் இரை தேடும் கழுதைப்புலியாக இருக்கமாட்டேன், உச்சியில் பட்டினியாலும் குளிராலும் சாகும் சிறுத்தையாக இருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான் சாரம். வானொலிக்குக் கொஞ்சமும் பொருந்தாத வடிவம். ஒரு முறை பாட்டறை (கரோக்கே) ஒன்றில், பகலெல்லாம் வாயைத் திறக்காத ஒரு வயதான உற்பத்திப் பிரிவு மேலாளர் மைக்கை வாங்கினார். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பேச்சு முழுவதையும் மனப்பாடமாக, நிறுத்த வேண்டிய இடங்களில் சரியாக நிறுத்திச் சொல்லி முடித்தார். மேசையில் இருந்த இளைஞர்கள் சோஜு என்ற கொரிய மதுவின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். கிராமத்தை விட்டு சியோலுக்கு வந்து, பெட்டி போன்ற அறையில் தங்கி, தொழிற்சாலையையும் அலுவலகத்தையும் தூக்கி நிறுத்திய ஆண்களின் பாட்டு அது. 1991-இல் அவரே எழுதி இசையமைத்த ‘கனவு’ம் அதே ஆட்களைப் பற்றியதுதான், ஊரைவிட்டு நகரத்துக்கு வரும் இளைஞர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தி ஒன்றை விமானத்தில் படித்துவிட்டு எழுதியதாகச் சொல்வார்கள்.

ஜப்பானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூசான் பாட்டை 1983-இல் அட்சுமி ஜிரோ ஜப்பானிய மொழியில் பாடி அங்கும் பெரிய வெற்றியாக்கினார். சோ யோங்-பில் 1987 முதல் 1990 வரை தொடர்ந்து நான்கு முறை ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் புத்தாண்டு முந்தைய இரவுப் பாட்டு நிகழ்ச்சியில் மேடையேறினார். ‘கே-பாப்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய கதை இது. ஆனால் ஜப்பானியச் சந்தை அவரைச் சோகப்பாட்டுக்காரராக மட்டும் பார்த்தது. அவருடைய ராக் பக்கம் அங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் கருத்து.

இப்போது இடைவெளிக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொலைக்காட்சியை விட்டு விலகி, இனி கச்சேரி மட்டும் என்று முடிவெடுத்தார். 1992-இல் சோ தேஜி என்ற இளம் பாடகர் வந்து ராப்பும் நடனமும் திரையைப் பிடித்துக்கொண்ட நேரம். விலகியது தொலைநோக்கு என்று இன்று எழுதுகிறார்கள். அன்று அப்படித் தெரிந்திருக்காது. தொலைக்காட்சியில் முகம் தெரியாமல் போனதும் இரண்டு மூன்று வருடத்தில் அரங்கின் இருக்கைகள் காலியாகத் தொடங்கின என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் உச்சம் பாதி உண்மை என்றது இதைத்தான். அப்போது அவர் திரும்பிப் போகாமல் கச்சேரியையே மாற்றினார். மேடை அமைப்பு, ஒளி, ஒலி எல்லாவற்றிலும் பணத்தைக் கொட்டினார். 1999-இல் சியோல் கலை மையத்தின் ஓபரா அரங்கம், வெகுஜன இசைக்கு அதுவரை திறக்காத கதவு, அவருக்குத் திறந்தது. 2003 ஜனவரியில் மனைவி இறந்தார். அதே வருடம் ஆகஸ்ட்டில் ஜம்சில் ஒலிம்பிக் மைதானத்தில் கொட்டும் மழையில் முப்பத்தைந்தாவது ஆண்டுக் கச்சேரி நடந்தது.

இதற்கெல்லாம் அச்சாணி ‘மகத்தான பிறப்பு’ என்று பொருள்படும் அவருடைய பின்னணிக் குழு. 1979-இல் தொடங்கியது, ஆட்கள் மாறினார்கள், குழு கலையவில்லை. நீண்ட காலமாக கிதார் கலைஞர் சே ஹீ-சன் அதை நடத்துகிறார். தனிப்பாடகர்களுக்கு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாடகைக்கு வாத்தியக்காரர்கள் வருவதுதான் வழக்கம். இவர் எப்போதும் குழுவில் ஒருவராகவே தன்னை நினைத்துக்கொள்கிறார். குரல், நினைவு, விளம்பரம் இவை எல்லாவற்றையும் விட இந்தக் குழுதான் அவரைக் காப்பாற்றியது என்பேன். வெற்றிப் பாட்டு இல்லாத வருடத்திலும் அவர்களுக்கு வேலை தரவேண்டும். வேலை தரக் கச்சேரி வேண்டும். கச்சேரிக்குப் பாடும் தொண்டை வேண்டும்.

அந்த வருடங்களில் அவர் போன இரண்டு இடங்களைச் சொல்லாமல் விடமுடியாது. 2005 ஆகஸ்ட்டில் பியோங்யாங்கில் தனிக் கச்சேரி. சுமார் ஏழாயிரம் பேர் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். போகப் போக இளகி, கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2018 ஏப்ரலில் தென்கொரியக் கலைக்குழுவோடு மறுபடி போனார், அதுவும் தொண்டை கட்டியிருந்த நிலையில். இன்னொரு இடம் தொழுநோயாளிகள் தனித்து வாழ்ந்த சோரோக் தீவு. 2010-இல் லண்டன் பில்ஹார்மோனியா இசைக்குழுவோடு போய்ச் சில பாட்டுகள் பாடிவிட்டு, மறுபடி வருகிறேன் என்று சொன்னார். அடுத்த வருடமே தன் குழுவோடு போய், கேட்டவர்கள் கேட்ட பாட்டையெல்லாம் பாடினார்.

2013 ஏப்ரலில் பத்து வருட மௌனத்துக்குப் பிறகு ‘ஹலோ’ என்ற பத்தொன்பதாவது ஆல்பம். அதிலிருந்த ‘பவுன்ஸ்’ இணையப் பட்டியல்களில் ‘கங்னம் ஸ்டைல்’ புகழ் சையின் அப்போதைய புதுப் பாட்டைத் தள்ளிவிட்டு முதலிடம் போனது. அறுபத்து மூன்று வயதில் வாராந்திரத் தொலைக்காட்சிப் பட்டியலிலும் முதலிடம். சும்மா பழைய பாசத்தில் நடந்ததல்ல இது. அந்த ஆல்பத்தில் அவரே இசையமைத்தது ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றை இளையவர்களிடமும் வெளிநாட்டு இசையமைப்பாளர்களிடமும் வாங்கினார். தன் புகழ்பெற்ற கரகரப்பையும் அழுகையையும் முழுக்கக் கழற்றி வைத்துவிட்டு, லேசான குரலில் பாடினார். அந்த வயதில் தன் முத்திரையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் ஆல்பம் பத்து லட்சம் விற்றது, 1994-க்குள் மொத்தம் ஒரு கோடியைத் தாண்டியது என்றெல்லாம் படிப்பீர்கள். அவை பதிவு நிறுவனங்களும் பத்திரிகைகளும் சொன்ன எண்கள். அன்றைய விற்பனையை வெளியார் தணிக்கை செய்த கணக்கு கிடையாது. தள்ளுவண்டியில் விற்ற திருட்டு கேசட்டுகளோ எந்தக் கணக்கிலும் வராது. இன்று நம்பகமாகப் பார்க்கப்படும் தேசியப் பட்டியல் தொடங்கியதே 2010-இல்தான். மிக அதிகமாக விற்றது என்பது நிச்சயம். ‘முதல்’, ‘ஒரே’ என்று வரும் அடைமொழிகளைக் கொஞ்சம் உப்போடு விழுங்குங்கள். இவ்வளவு விற்றும், சொந்தமாக இசையமைத்த 31 பாட்டுகளின் உரிமைகளில் ஒரு பகுதி 1986 ஒப்பந்தம் ஒன்றால் கைவிட்டுப் போய், நீதிமன்றத்திலும் தோற்று, 2013-இல்தான் அவரிடம் திரும்பியது.

கேட்கத் தொடங்க நான் சொல்லும் வரிசை இது. முதலில் ‘தன்பால்மொரி’, அது உங்களுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது. பிறகு 1981-இன் ‘சிவப்புத் தும்பி’: பொய்க்குரலும் மாறிக்கொண்டே இருக்கும் தாளமும், குழந்தைப் பாட்டுபோலத் தொடங்கி வேறெங்கோ போகும். அதன்பின் ‘கனவு’. அதற்கடுத்து 1997-இன் ‘காற்றின் பாட்டு’, மெல்லப் பரவியது என்று மேலே சொன்னது இதுதான். சோகப் பாட்டுகளை உடனே தொடாதீர்கள். கொரிய மொழி கொஞ்சம் காதில் ஏறிய பிறகு ‘ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பெண்’ணிடம் போங்கள். ‘பிரியோன்’ மட்டும் மேடைப் பதிவாகவே இருக்கட்டும். 2024 அக்டோபரில் வந்த இருபதாவது ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் என்ற வடிவில் இதுவே கடைசியாக இருக்கலாம் என்று அவர் சொன்னார்; பாடுவதை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் கோச்சொக் ஸ்கை டோமில் கே.பி.எஸ்.ஸுக்காக ஒரு முழுக் கச்சேரி பாடியும் விட்டார், எந்தத் தொலைக்காட்சியை விட்டு விலகினாரோ அதற்கே.